எழவு வீட்டுப் பால்கோவா

சந்தோஷமாக இருக்கிற ஒருவனை எப்படிப் பழிவாங்குவது? பல வருஷமாக என் மண்டையைக் குடைந்த கேள்வி இது. நீங்களும் யோசித்துப் பாருங்கள். விஷம் வைக்கலாம், சிரித்துக்கொண்டே சாவான். வீட்டைப் பிடுங்கித் தெருவில் நிறுத்தலாம், காற்றோட்டமாக இருக்கிறது என்பான். ஊர் கூட்டி முகத்தில் காறித் துப்பலாம், துடைத்துக்கொண்டு 'வேறென்னம்மா விசேஷம்?' என்று கேட்பான். அடித்தால் உறைக்க வேண்டும். உறைக்காத இடத்தில் அடித்து நம் கைதான் நோகும்.

எங்கள் தென்துறையில் யாருக்கும் எதுவும் உறைப்பதில்லை. காதுக்குப் பின்னால், எலும்பை ஒட்டி, சட்டைப் பித்தான் அளவில் எல்லோருக்கும் ஒரு வில்லை உண்டு. அதற்குப் பெயர் சமனி. துக்கம், பயம், கோபம், பதற்றம் என்று எது தலைதூக்கினாலும் தட்டி உட்கார வைத்துவிடும். நினைவு எங்கேயும் போகாது. உடம்பு வலிகூட இருக்கும். எதுவும் உறுத்தாது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு ஐந்து வயதில் பொருத்துவார்கள். கடல் உள்ளே புகுந்து பாதி ஊரை வாரிக்கொண்டு போனபோது, மிச்சம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்க வந்ததுதான் சமனி. ஜனங்களே வரிசையில் நின்று பொருத்திக்கொண்டார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் படகை விட்டு யாரையும் இறங்க விடவில்லை பாருங்கள், அங்கேதான் வினை.

விடாமல் பார்த்துக்கொண்டது ஒரு வரி. 'மகிழ்ச்சி என்பது துயரம் இல்லாமை.' சட்டத்தின் முதல் வரி அதுதான். பள்ளிக்கூடச் சுவரிலும் பேருந்து முதுகிலும் எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரியை எழுதியவர் டாக்டர் அறவாழி. நான் பழிவாங்க வேண்டியிருந்த ஆள் அவர்தான்.

என் பெயர் இசக்கி. எங்கள் பக்கத்துக் காவல் தெய்வத்தின் பெயர். ஆபீஸில் சின்னப் பெண்கள், "அக்கா, உங்க பேரைக் கேட்டா பயமா இருக்கணுமாமே, எங்க பாட்டா சொல்லுவாரு" என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். மகிழ்நலத் துறையில் சமனிகளைச் சுத்தம் செய்து சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை.

என் மகள் அல்லிக்கு ஏழு வயது. பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, வயித்த வலிக்கி" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே, "கண்டதையும் தின்னா வலிக்கத்தான் செய்யும்" என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் உடம்பு கொதித்தது. அதற்கு மறுநாள் நடக்கும்போது குனிந்து, வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலித்தது அவளுக்கு, நிச்சயமாக வலித்தது. ஆனால் அழத் தோன்றவில்லை. எனக்கும் பயம் வரவில்லை. என் கணவர் சுந்தரபாண்டி, "நாளைக்கு லீவு போட்டுக் கூட்டிட்டுப் போவோம்" என்றார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் இதமாகச் சிரித்து உட்காரச் சொன்னாள். அங்கே வேலையில் இருந்த டாக்டர் டீ குடித்துவிட்டு வந்தார். குடல்வால் எப்போதோ வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில், என் மடியில், கார்ட்டூன் பார்த்துக்கொண்டே அல்லி போய்விட்டாள்.

இதில் யார் மேல் தப்பு சொல்வீர்கள்? யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தரும் பதறவில்லை, அதுதான். பதறத் தெரிந்த ஒரே ஒருத்தி அங்கே இருந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருப்பாள். அந்த ஒருத்தி நானாகத்தான் இருந்திருப்பேன். என்னை அறவாழியின் வரி விளக்கைப் போல அணைத்து வைத்திருந்தது.

அன்றைக்கு மாலை வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. எழவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் அடுப்பை மூட்டிப் பால்கோவா கிண்டினேன். அல்லிக்குப் பிடிக்கும், வருகிறவர்களுக்கும் கொடுத்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். பால் சுண்டும்வரை விடாமல் கிண்ட வேண்டும். அவ்வளவு நேரமும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் அறவாழியும் வந்தார். குழந்தை இறந்த வீட்டில் சமனி தாக்குப் பிடிக்கிறதா என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டாராம். நல்ல உயரம், வெள்ளைத் தாடி, கனிவான முகம். என் கையிலிருந்து பால்கோவா வாங்கிச் சாப்பிட்டார்.

"பிரமாதம்மா. வாயில போட்டதும் கரையுது," என்றார். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்து, கூட வந்தவர்களிடம், "பாத்தீங்களா? இந்த வீடு ஜெயிச்சிருச்சு" என்றார்.

கிளம்பும்போது வாசலில் நின்று கை கூப்பினார். "அப்போ நான் போயிட்டு வாரேம்மா."

இந்த வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். துக்க வீட்டிலிருந்து யாரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். வீட்டுக்காரர்களும் 'வாங்க' என்று வழியனுப்ப மாட்டார்கள். அந்த வாசலுக்கு அப்படி ஒரு காரியத்துக்காக இன்னொரு தரம் யாரும் வரவேண்டி இருக்கக் கூடாது. அதனால் பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அந்த மௌனம்தான் செத்தவளுக்குச் செய்கிற மரியாதை. அவர் சொன்னார். நானும் வாய் நிறைய, "போயிட்டு வாங்க ஐயா" என்றேன்.

சில வருஷம் கழித்து என் சமனியைச் சரிபார்க்க வேண்டிய முறை வந்தது. எங்கள் வேலையில் ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. முதலில் மாற்று வில்லை ஒன்றை அடுத்த காதில் ஒட்ட வேண்டும். அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். என் தோழி ஒட்டிய மாற்று வில்லை செத்துக் கிடந்திருக்கிறது. அவள் கவனிக்காமல் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, துடைக்கிற திரவம் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

முதலில் பால் சுண்டும் வாசனை வந்தது. அதற்குப் பிறகு வந்ததை எழுத முடியாது. துண்டை வாயில் அடைத்துக் கடித்தேன். அவள் கால் சத்தம் கேட்டதும் எழுந்து, மிச்சத்தை நானே துடைத்துப் பொருத்திக்கொள்வதாகச் சிரித்த முகத்தோடு சொன்னேன். மகளுக்காக நான் செய்த முதல் காரியம் அந்தப் பொய்ச் சிரிப்புதான். வில்லைக்குள் இருந்த மெல்லிய கம்பியை நறுக்கிவிட்டு மாட்டிக்கொண்டேன். சோதனைக் கருவியைக் காட்டினால் பச்சை எரியும். உள்ளே ஒன்றும் கிடையாது.

அன்றிலிருந்து இந்த ஊரில் விழித்திருக்கிற ஒரே ஆள் நான். நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துத் தாடை நோகும். ஒரு தடவை சுந்தரபாண்டி சாப்பிட்டுக்கொண்டே, "அல்லி இருந்தா இப்போ எட்டாங்கிளாஸ் படிப்பா, இல்ல? நல்லா பாடுவா" என்றார். முகத்தில் ஒரு குறையும் இல்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். ஊற்றினேன். அவர் வில்லையைக் கழற்றிவிட்டால் எனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைக்கும் என்று எத்தனையோ முறை கை பரபரத்திருக்கிறது. பாவம், அவர் எதற்கு? இந்த வலியை நான் யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவருக்கு வைத்திருந்தேன்.

அறவாழியின் மனைவி கமலவேணி இறந்துபோன செய்தி வந்தது. அன்று மாலையே அவர் ஒரு கூட்டத்தில் மலர்ந்த முகத்தோடு பேசியதைத் திரையில் எல்லோரும் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் மண்டையைக் குடைந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதே. சில மாதம் கழித்து அவருடைய சமனியைச் சரிபார்க்கும் முறை வந்தபோது, அந்த வீட்டுக்குப் போகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். 'பெரிய இடத்துக்கு இசக்கி அக்கா போனாத்தான் சரி' என்று அனுப்பி வைத்தார்கள்.

போகிற வழியில் பால்கோவா ஒரு டப்பா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடலைப் பார்த்த வீடு. அவரே கதவைத் திறந்தார். தாடி நீண்டிருந்தது, முகம் அதே கனிவு. என்னை அடையாளம் தெரியவில்லை.

"வாங்கம்மா. ரொம்ப நேரம் ஆகுமா?"

"அரை மணிக்குள்ள முடிச்சிரலாம் ஐயா. அதுக்கு மேல போனா மையத்துல இருந்து கேப்பாங்க."

கூடத்தில் இரண்டு சாய்வு நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் கையில் பெண்கள் போடும் மூக்குக்கண்ணாடி மடித்தபடி கிடந்தது, மேலே தூசி. பால்கனியில் ஒரு தொட்டி. அதில் கறிவேப்பிலைச் செடி காய்ந்து குச்சியாக நின்றது. இலை எல்லாம் கீழே கொட்டிக் கிடந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இந்த மனுஷன் காப்பி குடித்திருக்கிறார்.

"அம்மா வச்ச செடியா ஐயா?" என்று கேட்டேன்.

"ஆமா, கமலா வச்சது. தெனமும் அதுகிட்ட பேசுவா," என்று சிரித்தார். "பட்டுப்போச்சு போலிருக்கு."

அவரை உட்கார வைத்தேன். மாற்று வில்லையை ஒட்டவில்லை. பழையதை அப்படியே கழற்றித் தட்டில் வைத்தேன். எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

முதலில் மின்விசிறிச் சத்தம் அதிகமாகக் கேட்கிறது என்றார். அப்புறம் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். கை நீட்டி மூக்குக்கண்ணாடியை எடுத்து, தூசியை விரலால் துடைத்தார். துடைத்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அன்னைக்குக் கூட்டத்துக்குப் போனேன்," என்றார். "அவளைச் சுடுகாட்டுல விட்டுட்டு வந்து, குளிச்சிட்டு, கூட்டத்துக்குப் போனேன்."

"ஆமா ஐயா. பாத்தோம். கை தட்டுனோம்."

ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. மாடு கத்துவது போல. எழுந்து பால்கனிக்கு ஓடினார், கால் தடுக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார். குடத்தை எடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். தொட்டி நிறைந்து தரையெல்லாம் வழிந்து ஓடியது. பிறகு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, குச்சியைப் பிடித்துக்கொண்டு, "கமலா, கமலா" என்று அழுதார்.

எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். உடம்பெல்லாம் இனித்தது.

"என்னைத் தெரியுதா ஐயா?" என்றேன். "எம்பொண்ணு செத்த அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்க. இந்த வீடு ஜெயிச்சிருச்சுன்னு சொன்னீங்க."

நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நினைவு வர ஆரம்பித்ததை முகத்திலேயே பார்த்தேன். சமனி நினைவை அழிப்பதில்லை, சொன்னேனே.

"நீங்க பால்கோவா குடுத்தீங்க," என்றார். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ. நான் அதைத் தின்னேன். புள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தின்னேன்."

"வயித்துவலிதான் ஐயா. பதறித் தூக்கிட்டு ஓடியிருந்தா பொழச்சிருப்பா. எங்க யாருக்கும் பதறத் தெரியல. நீங்க அதை எடுத்து வச்சிட்டீங்க."

அவர் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சொல்லுவார், அதற்கு என்ன பதில் கொடுப்பது என்று நான் தயாராக வந்திருந்தேன். அதெல்லாம் வீணாகப் போயிற்று. அவர் தவழ்ந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தார்.

"பேரு என்னம்மா, புள்ளைக்கு?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. "அல்லி," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"அல்லி," என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அவளுக்காக அழுதார். கமலவேணிக்கு அழுதது வேறு மாதிரி. இது என் பிள்ளைக்கான அழுகை, எனக்கு வித்தியாசம் தெரிந்தது. என்னைத் தவிர இந்த உலகத்தில் இன்னொரு ஆள் அல்லிக்காக அழுது நான் கேட்டது அப்போதுதான். என் கை தானாக அவர் தோளை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"நேரம் ஆச்சு ஐயா. மாட்டணும்."

"வேண்டாம்மா." காதைக் கையால் மூடிக்கொண்டார். "அந்த வரி தப்பு. நானே போய்ச் சொல்லுதேன். நான் சொன்னா கேப்பாங்க, என்னை விட்டா வேற யாரு சொல்ல முடியும்? இது சந்தோஷமே இல்லம்மா. இதுக்கு மரத்துப் போறதுன்னு பேரு."

அவர் போய்ச் சொல்லுவார் என்றுதான் தோன்றியது. கேட்பார்களோ மாட்டார்களோ, அந்த நிமிஷத்தில் அவர் சொன்னது உண்மை. ஊருக்கே விடிவு வரக்கூடிய ஒரு வழி என் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. வில்லையைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போயிருக்கலாம்.

அப்போது அவர் அதைச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணீர் தாடியில் வழிய, "எவ்வளவு வலிக்குது தெரியுமாம்மா," என்றார். "ஆனா இப்பத்தான் அவ எங்கூட இருக்கா. இத்தனை மாசத்துல இப்பத்தான் நான் சந்தோஷமா இருக்கேன்."

எனக்குள் ஏதோ சட்டென்று நின்றது. சந்தோஷமா? என் பிள்ளையைக் கிடத்திவிட்டு நான் பால்கோவா கிண்டிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மனுஷன் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது இதைத்தானே? அந்தச் சந்தோஷம் அழுகைக்குள் இருப்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. என் கேள்விக்குக் கழற்றுவதுதான் விடை என்று நினைத்து வந்திருந்தேன். அது பாதி விடைதான்.

வில்லையைத் துடைத்தேன்.

"ஒரு நாள் குடும்மா," என்று கெஞ்சினார். நான் எழுந்ததைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஒரே ஒரு நாள். அழுதுக்கிடுதேன். அப்புறம் நீயே மாட்டிரு."

"எனக்கு அந்த ஒரு நாள் கெடைக்கலையே ஐயா."

வயசான உடம்பு, பலம் இல்லை. ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொருத்தினேன். கடைசி நொடிவரை, 'கமலா' என்ற பெயரை எங்காவது பதுக்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பவர் போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். வில்லை 'டிக்' என்று உட்கார்ந்தது. அழுகை நின்றது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அந்தக் கனிவான முகம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

"அடடே, வேட்டியெல்லாம் ஈரம்," என்று சிரித்தார். கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்து, சும்மா கிடந்த ஒரு சாமானைப் போல நாற்காலி மேல் வைத்தார். "மாட்டாதன்னு என்னமா கெஞ்சிட்டேன், பாத்தீங்களா? வேடிக்கையா இருக்கு."

"மேல புகார் குடுப்பீங்களா ஐயா?"

"எதுக்கும்மா? அதான் இப்போ நல்லா இருக்கேனே."

உண்மையாகவே கேட்டார். புகார் கொடுப்பதற்குக் கோபம் வேண்டும். அதையும் அவர்தான் எடுத்து வைத்திருந்தார். எனக்குக் காவல் அவர் எழுதிய வரியேதான்.

பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினேன். "சாப்பிடுங்க ஐயா."

ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். தாடியில் கண்ணீர் இன்னும் காயவில்லை. "நல்லா இருக்கு. ஆனா அன்னைக்கு நீங்க செஞ்சது இன்னும் நல்லா இருந்துச்சு," என்றார்.

பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டேன். வாசல்வரை வந்தார். நான் திரும்பி நின்று, கை கூப்பி, அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"அப்போ நான் போயிட்டு வாரேன் ஐயா."

"போயிட்டு வாங்கம்மா," என்றார் அவர், வாய் நிறைய.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பழி தீர்ந்துவிட்டது. பட்டது பட்டபடி திருப்பிக் கொடுத்தாயிற்று, பால்கோவா உட்பட. வருத்தம் இல்லை, இப்போதும் இல்லை. எதிரே கம்பத்தில் இருந்த கண்காணிப்புக் கருவி முகத்தைப் பார்க்கும் என்பதால் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காதுக்குள் அது திரும்பக் கேட்டது. அல்லி, என்று ஒரு கிழவர் சொல்லிப் பார்த்த குரல். அதற்குப் பின்னால் வந்த அழுகை.

என் பிள்ளைக்காக அழ இந்த ஊரில் ஒரே ஒரு ஆள் இருந்தார். அந்த வாயை நானே என் கையால் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பேருந்து வந்தது. ஏறி, பச்சை காட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவருடைய சமனிக்கு அடுத்த சரிபார்ப்பு மழைக்காலத்தில் வரும். அந்த வேலையையும் நான்தான் கேட்டு வாங்குவேன். போவேன், கழற்றுவேன். பழிவாங்க என்று ஆபீஸில் சொல்ல முடியாது, எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, என் பிள்ளையின் பெயரை அவர் எப்போது கேட்பார் என்றுதான் காத்திருப்பேன்.